இடது கால் பெருவிரல்

செவ்வாய்க்கிழமை, காலை

என் அன்புக்குரிய கப்பல் சமையல்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே நலம். உங்கள் இரண்டாம் இன்ஜினியர் விடுமுறை முடிந்து வியாழக்கிழமை புறப்படுகிறாராம். அடுத்த துறைமுகத்தில் உங்கள் கப்பலில் ஏறுவார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நடுக்கடலிலிருந்து நீங்கள் பேசினால் முகம் பாதியில் உறைந்துவிடுகிறது, "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. இந்தச் செய்தியை அப்படித் துண்டு துண்டாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

முதலில் வீட்டு விஷயம். உங்கள் அக்கா வந்த நாளிலிருந்து சமையலறையில் ஒரு டப்பாகூடப் பழைய இடத்தில் இல்லை. எனக்குக் கோபமான கோபம். என் வீட்டில் என் டீத்தூளை நான் தேட வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது. மேல் தட்டில் இருந்த அத்தனையையும், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே என் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறக்கி வைத்திருக்கிறார். கேட்டால், "எனக்கு இடுப்பு வலி, மேல எட்டி எடுக்க முடியல" என்கிறார். அவருக்கு ஏது இடுப்பு வலி! மெத்தையை ஒற்றை ஆளாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்.

நம் மகளுக்குப் பள்ளியில் ஏதாவது ஓர் உடல் உறுப்பைப் பெரிதாக வரைந்து வரச் சொன்னார்களாம். மற்ற பிள்ளைகள் இதயம், கண் என்று எடுத்துக்கொள்ள, இவள் தண்டுவடத்தை எடுத்துக்கொண்டாள். என்னிடம் கேட்கவும் இல்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயதுதான், ஆனால் கேட்டால் நான் அழுவேன் என்று தெரிந்திருக்கிறது. இப்போது கூடத்துச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு அந்தப் படம் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அளவுகோலை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறாள்.

அவள் பாடத்திலிருந்து நான் கற்றது: அது நம் சுண்டுவிரல் தடிமன்தான். நீளம் ஒன்றரை அடிகூட முழுதாக இல்லை. மூளையின் அடியில் தொடங்கி, இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் கொத்தாகத் தொங்குகின்றன, அதற்குக் குதிரைவால் என்றே பெயராம். குறுக்கே வெட்டினால் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி தெரியுமாம். இரண்டு பக்கமும் முப்பத்தொரு ஜோடி நரம்புகள். சுடுகிறது, குத்துகிறது என்ற சேதியெல்லாம் பின்பக்க வேர் வழியாக உள்ளே போகிறது. அசை, நில் என்ற உத்தரவு முன்பக்க வேர் வழியாக வெளியே வருகிறது. உள்ளே போவதை நீலத்திலும் வெளியே வருவதைச் சிவப்பிலும் போட்டிருக்கிறாள். சுற்றிலும் மூன்று உறை, நடுவில் நீர், அதற்கும் மேலே எலும்பு வளையங்கள். இத்தனை காவல் இருந்தும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியடியில் இருந்த ஒரு கை அகலப் பாசி என்னை வழுக்கி விழவைத்து ஜெயித்துவிட்டது, பாருங்கள். நெஞ்சுப் பகுதியின் பத்தாவது வளையத்துக்கு நேராகச் சின்னதாக ஒரு பிளாஸ்திரி வரைந்து, "அம்மா இங்கே" என்று எழுதியிருக்கிறாள்.

இனி உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கப்பலேறிய மூன்றாம் வாரம் என் வலது கால் போர்வையை எட்டி உதைத்தது அல்லவா? நான் உடனே உங்களுக்குச் செய்தி அனுப்பினேன். நீங்கள் கப்பலில் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் இனிப்புக் கிளறிப் போட்டீர்கள். மறுநாளே எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. சூடான பாத்திரத்தில் கை பட்டால் மூளைக்குத் தெரிவதற்கு முன்பே கை பின்னுக்கு வருகிறதே, அந்த மாதிரிதானாம் அது. அடிபட்ட இடத்துக்குக் கீழே தண்டுவடம் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் மேலிருந்து உத்தரவு வராததால் தன் இஷ்டத்துக்குத் துள்ளுகிறது. "பெரியவங்க வீட்ல இல்லாதப்ப பிள்ளைங்க போடுற ஆட்டம் மேடம்" என்றார் பயிற்சி தருகிறவர். நீங்கள் இனிப்புப் பாத்திரத்தோடு சிரிக்கிற படத்தைப் பார்த்துக்கொண்டே உங்களிடம் இதை எப்படிச் சொல்வேன்? மூன்று மாதமாக விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பயிற்சியாளர் யார் தெரியுமா? ஆறு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட நெடுநெடு மனிதர். தேர்வில் இரண்டு தடவை தோற்றவர், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வாரே, அவரேதான். "பிரேக்க மிதிங்க! காது கேக்கலையா?" என்று நடுரோட்டில் அவரைப் பார்த்து எத்தனை தடவை கத்தியிருப்பேன்! இப்போது தினமும் நீலப் பாயில் என் காலடியில் உட்கார்ந்து, "விரலை அசைங்க மேடம்" என்கிறார். நூறு தடவை சொல்லி நூறு தடவையும் நான் தோற்றபோதும் அவர் குரல் ஏறவே இல்லை. பழிதீர்க்க இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? வெட்கமாக இருந்தது எனக்கு.

நேற்றுக் காலை. பயிற்சிக் கூடத்தில் ஜன்னலோரம் உங்கள் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து யாரோ விட்டுப்போன பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் வழக்கம்போல "அசைங்க" என்றார். நான் வழக்கம்போல மனசுக்குள் உத்தரவு போட்டேன். இடது கால் பெருவிரல் அசைந்தது.

நான் நம்பவில்லை. "இதுவும் அந்தத் துள்ளல்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு தடவை ஏமாந்தவள் இல்லையா? அவரும் சட்டென்று நம்பவில்லை. விரல் நுனியைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "நான் சொன்னா மட்டும் அசைக்கணும். சொல்லலேன்னா சும்மா இருக்கணும்" என்றார். "இப்ப." அசைந்தது. பிறகு பேசவே இல்லை. அப்படியே கிடந்தது. "இப்ப." அசைந்தது. ஏமாற்றப் பார்த்து, "இப்ப... வேணாம்" என்றார். விரல் அசையவில்லை! என் விரல், அந்த "வேணாம்" என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றது. துள்ளலுக்கு ஏது இந்தக் கீழ்ப்படிதல்? ஏழு தடவை கேட்டதில் ஆறு தடவை சரி.

பத்திரிகை கீழே விழுந்த சத்தம் கேட்டது. உங்கள் அக்கா என் காலருகே வந்து நின்று, "எனக்கு ஒரு தடவ காட்டுடி" என்றார். காட்டினேன். ஆஸ்பத்திரித் தரை அழுக்கு என்று செருப்பைக்கூடக் கழற்றாதவர், அப்படியே தரையில் உட்கார்ந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தார், சிரித்தார், கடைசியில் இடுப்பு வலிக்கிறது என்றார். இது நிஜ வலி. பயிற்சியாளர் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்து, "ரெண்டு தடவ ஃபெயில் ஆனவன் சொல்றேன், நீங்க பாஸ் மேடம்" என்றார்.

பெரிய டாக்டரம்மா வந்து பார்த்தார். தண்டுவடம் முழுக்க அறுபடவில்லை, சில இழைகள் பிழைத்து வழி கண்டுபிடித்திருக்கின்றன என்றார். எவ்வளவு தூரம் போகும் என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன், மாதக்கணக்கில் ஆகும், ஒரு கட்டத்தோடு நின்றும் போகலாம் என்றார். நான் தலையாட்டினேன். உங்களிடமும் அதை அப்படியே சொல்கிறேன், இனி மறைக்க மாட்டேன். ஆனால் அவரும் போகும்போது இன்னொரு தடவை அசைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனார்!

சாயங்காலம் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். பையைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் படத்திடம் போய், பிளாஸ்திரிக்கு நடுவே மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள். பிறகு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்று அழுதாள்.

கேப்டனிடம் முன்கூட்டியே விடுப்புக் கேட்கப் போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கிற ஐந்து மாதத்தையும் முடித்துவிட்டே வாருங்கள். எனக்கும் அந்த ஐந்து மாதம் தேவைப்படுகிறது. இனிப்பு மட்டும் இன்னொரு தடவை கிளறுங்கள், இந்தத் தடவை கணக்குத் தப்பாது.

வருகிற அன்று உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சாவி போட்டுக் கதவைத் திறக்காதீர்கள். மணி அடியுங்கள். அடித்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். நாற்காலியில் வருவேனோ, சுவரைப் பிடித்துக்கொண்டு வருவேனோ, இப்போது எனக்குத் தெரியாது. நேரமாகும். உள்ளே ஏதாவது சத்தம் கேட்டாலும் பதறாதீர்கள். உங்கள் அக்காவையும் மகளையும் எழுந்திருக்கவே விடமாட்டேன். கதவை நான்தான் திறப்பேன். அதுவரை பொறுமையாக நில்லுங்கள்.

கடல் உங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் வரவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்
உங்கள் மனைவி