தலைவர் முன்னால் நீட்டிய கால்

ஏப்ரல் 7, திங்கள்

மாமாவின் கோகோவில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். முழுக் கோப்பையையும் குடித்துவிட்டு, "இன்னிக்குத்தான் ருசியா இருக்கு" என்றார். என் குறும்புத் தொழிலுக்கே அவமானம்.

மோயெலாங்கி அக்கா மட்டும் முறைத்தாள். எங்கள் தீவில் ஊருக்கே மரியாதையைப் படியளப்பவள் அவள். உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைத் தாண்ட வேண்டுமென்றால் "துலோ, துலோ" என்று மன்னிப்புக் கேட்டுக் குனிந்துதான் போவாள். இன்று படுத்துக் கிடந்த பன்றியிடமும் கேட்டாள்.

"பன்றி மன்னிச்சிருச்சு, எந்திரிக்கா."

"புதன்கிழமை ஊர்க்கூடத்துல ஃப்ளூ தடுப்பூசி. ஊர்த் தலைவருங்க வருவாங்க. அங்கயாவது அடங்கி உக்காருடி பெலே."

ஏப்ரல் 9, புதன்

தூக்கமே வரலை. எழுதினாத்தான் வரும்.

ஊர்க்கூடத்தில் தூணுக்கொரு தலைவர் சாய்ந்திருந்தார். நாங்கள் நடுவில், பாயில், சம்மணம். அங்கே காலை நீட்டுவது தப்பு. தலைவர் பக்கம் நீட்டினால் குடும்பத்துக்கே தலைகுனிவு.

அக்கா ஊசி போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கழுத்தைச் சொறிந்தாள். தடிப்புத் தடிப்பாக.

"கொசு ஏதும் காதலிக்குதாக்கா?"

பதில் சொன்னாள். அது அவள் குரலே இல்லை, கரகரவென்று. "தொண்டை அடைக்குது... தலை சுத்துது."

"நர்ஸக்கா!" கத்தினேன். வாயோலா அத்தை என் தொடையில் கிள்ளினாள். "தலைவருங்க முன்னாடியே உன் கூத்தை ஆரம்பிச்சிட்டியா?"

கடும் ஒவ்வாமை என்று நர்ஸ் ஒலிவா ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். "படுக்க வைங்க. காலை நீட்டி. எழும்பவே கூடாது."

அக்கா படுத்தாள். கால் போன திசையைப் பார்த்தாள். நேர் எதிரே பெரிய தலைவர் லவாசீ! உடனே எழப் பார்த்தாள். "வெளில போய்ப் படுத்துக்கறேன்..." அத்தை வேறு கையைப் பிடித்துத் தூக்குகிறாள்!

"எந்திரிச்சா பிரஷர் இறங்கிடும், உயிருக்கே ஆபத்து!" மருந்தை எடுத்துக்கொண்டே நர்ஸ் அலறினாள்.

யோசிக்கவே இல்லை. அக்கா இடுப்பில் சுற்றியிருந்த லாவலாவாவின் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தேன். அவள் எழுந்தால் துணி என்னோடு தங்கிவிடும்.

"இப்ப எந்திரி பாக்கலாம்."

"பிசாசே..." என்றாள். படுத்துவிட்டாள்.

நர்ஸ் துணியோடு சேர்த்தே வெளித்தொடையில் அட்ரினலின் ஊசியைக் குத்தினாள். "யாராவது காலைத் தூக்கிப் பிடிங்க." ஒருவரும் அசையவில்லை. அத்தனை பெரியவர்கள் இருக்கும் சபையில் ஒரு பெண்ணின் காலை யார் தூக்குவது?

லவாசீதான் நகர்ந்து வந்தார். இரண்டு பாதங்களையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூச்சு விசிலடித்தது. இன்னொரு ஊசி. ஏதாவது கேலி சொல்லி அவளைச் சிரிக்க வைக்கணும்னு பார்த்தேன். வாயே வரலை. போயிடாதேக்கா. போயிடாதே.

விசில் மெல்ல அடங்கியது. பாயோடு தூக்கி, படுத்தபடியே வண்டியில் ஆஸ்பத்திரிக்கு.

ஏப்ரல் 10, வியாழன்

பார்க்கப் போனேன். "தலை சீவலியா?" என்று திட்டினாள். அழுதுவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊசியாலா, காலையில் தின்ற நண்டாலா என்று டாக்டருக்கே உறுதியில்லையாம். சோதனை செய்து பார்க்கும்வரை அவளுக்கு ஊசி கிடையாது. இப்படி ஆவது ரொம்ப அபூர்வம் என்றாராம்.

அக்காவுக்குத் தொண்டையைப் பற்றிக் கவலையே இல்லை. "தலைவர் மடில கால் வச்சிட்டேன்டி. இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வெளில போவேன்?"

"மூஞ்சி பரவால்லை. கால்தான், கழுவாத கால்."

தலையணை பறந்து வந்தது.

அன்று பாதியில் நின்ற ஊசிக்கு இனி வரமாட்டோம் என்கிறது பாதி ஊர். முதல் ஆள் வாயோலா அத்தை. அவளுக்கோ ஆஸ்துமா. போன வருஷம் ஃப்ளூவில் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 23, புதன்

நர்ஸ் மறுபடி வந்தாள். கூட்டம் வந்தது, வேடிக்கை பார்க்க. வரிசையில் ஒரு ஆள் இல்லை.

லவாசீ முதலில் போட்டுக்கொண்டார். தூணுக்குத் திரும்பவில்லை. எல்லோருக்கும் நடுவில், பாயில், மெதுவாகப் படுத்தார். "யாருக்குத் தலை சுத்தினாலும் வெக்கப்படாம படுக்கணும். தலைவனே படுத்துட்டேன், அப்புறம் என்ன?"

முழங்காலை மட்டும் மடக்கியே வைத்திருந்தார். எழுபது வருஷப் பழக்கம், லேசில் விடுமா? "எந்தப் பக்கம் நீட்டறது?" என்று நர்ஸிடம் மெல்லக் கேட்டார்.

எல்லோரும் தரையைப் பார்த்தோம். நான்கூட.

"எங்க பக்கமே நீட்டுங்க ஐயா," என்றாள் அக்கா.

நீட்டினார். வாயோலா அத்தை கொஞ்ச நேரம் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.