மட்டிப்பழம் தின்ற மரநாய்க்குட்டி

குலசேகரம்
12.8.2009

அன்புள்ள அம்மாவுக்கு ஜின்சி எழுதுவது. நான் சுகம். அப்பாவின் முட்டுவலி குறைந்ததா?

விடுதியில் ஓடு மாற்றியபோது கூரையிலிருந்து ஒரு குட்டி விழுந்தது. தாய் திரும்பி வரவில்லை. பூனை என்று நினைத்து, நீங்கள் கொடுத்துவிட்ட நெத்தோலிக் கருவாட்டை வைத்தேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சமையல் செய்யும் லீலா அக்கா சிரித்தார். "ஏட்டி, கடப்புறத்துக்காரிக்கு எல்லாத்துக்கும் மீன்தானா? இது மரநாயாக்கும். பழம் குடு."

மட்டிப்பழத்தைப் பிசைந்து நீட்டினேன். விரலையும் சேர்த்து நக்கியது! ஒருநாள் தின்னும்போது தலையைத் தடவினேன், கடித்துவிட்டது. பயப்படாதீர்கள். விடுதி சிஸ்டர் அன்றே என்னைக் கூட்டிப்போய் ஊசி போடவைத்தார். அது கோபமில்லை அம்மா. தின்னும்போது யாரையும் நம்பாமல் இருந்தால்தான் காட்டில் உயிரோடு இருக்க முடியும்.

"இனி கொஞ்சாத மக்கா. ஆளுக்குப் பழகினா காட்டுல பிழைக்காது" என்றார் அக்கா. அதன்பிறகு தட்டை வைத்துவிட்டுத் தள்ளி நின்றே பார்த்தேன்.

நேற்று வனத்துறையினர் அதைக் கொண்டுபோனார்கள். பழகிய துணி இருந்தால் வழியில் பயப்படாதாம். அது படுத்துத் தூங்கிய உங்கள் பழைய சேலையைச் சுற்றிக் கொடுத்துவிட்டேன். குட்டி வரும்வரை நானும் அந்தச் சேலையைத்தான் தலையணையில் விரித்துத் தூங்கினேன்.

செபத்துக்கு மணி அடிக்கிறது. இன்னொரு சேலை கொடுத்துவிடுங்கள். துவைக்க வேண்டாம்.

உங்கள் மகள்
ஜின்சி