சத்தமில்லாத முதல் டேக்

இன்று காலை ஸ்டுடியோ வராந்தாவில் நிற்கும்போது போன் அடித்தது. அவசரமாகப் பைக்குள் கையை விட்டால், போனுக்கு முன்னால் உன் இயர் பிளக் வந்து விரலில் சிக்கியது. நீல நூலில் கோத்த இரண்டு ஆரஞ்சுப் பஞ்சு உருளைகள். பிரஸ் ஷாப் எண்ணெய் வாசனை அதில் இன்னும் இருக்கிறது. இந்த இரண்டு வருஷத்தில் மூன்று பை மாற்றிவிட்டேன், இதை மட்டும் தூக்கிப் போட மனசு வரவில்லை. போனில் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எந்தக் கதையானாலும் முடிவை முதலில் கேட்பது உன் வழக்கம். இன்று கொஞ்சம் பொறு.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாம் வேலை பார்த்த கூடத்தில் தகடு அடிக்கும் எட்டு பிரஸ் இயந்திரங்கள். அடித்து வெளியே வரும் தகடுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் மேசையில், நீயும் நானும் எதிரெதிரே. உள்ளே காலெடுத்து வைத்ததும் காதை அடைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் யார் கத்தினாலும் கேட்காது என்பதால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை மட்டும் அசைப்போம். புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் தொண்டை கிழியக் கத்துவார்கள், ஒரு மாதத்தில் அடங்கிவிடுவார்கள். நாம் ஆறு வருஷம் அப்படியே பேசினோம். உன்னைப் பெண் பார்க்க வந்தவன் பஜ்ஜியை மட்டும் பார்த்துவிட்டுப் போன கதை, என் மாமியார் சண்டை, எல்லாம் சத்தமே இல்லாமல் நடந்தது. தினமும் நீ முதலில் கேட்பது, சாப்பிட்டாயா என்பதுதான்: "துன்னியாமே?" வயசு பார்க்காமல் உன் அம்மாவிடமும் அப்படித்தான் கேட்பாய். அதை உன் குரலில் கேட்டதைவிட உன் உதட்டில் பார்த்ததுதான் எனக்கு அதிகம்.

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனிலிருந்து பார்த்தால் மேனேஜரின் கண்ணாடி அறை தெரியும். சூப்பர்வைசர் உள்ளே நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். அவர் வாயசைவுக்கு இங்கிருந்து நான் குரல் கொடுப்பேன். "சார், எங்க ஊட்டுக்காரம்மா இன்னிக்கும் உப்புமா கட்டிக் குடுத்துக்கிறாங்க சார். கம்பெனி எதுனா நடவடிக்கை எடுக்கணும் சார்." அவர் கையை ஆட்டும் இடத்தில் என் வார்த்தை சரியாகப் போய் உட்காரும். மொத்த மேசையும் சிரிக்க, நீ மட்டும் சிரிக்காமல் அதை போனில் வீடியோ எடுத்தாய். சாலிகிராமத்தில் டப்பிங்குக்கு ஆள் சேர்க்கிற ஒரு அம்மாவின் நம்பரை எங்கிருந்தோ பிடித்து, எனக்குத் தெரியாமல் அனுப்பியும் விட்டாய்.

"இன்னாடி பண்ணி வச்சிக்கிற?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம வரச் சொல்லிக்கிறாங்க. நீ போவல, உன் பேரச் சொல்லிகினு நானே போய் நிப்பேன். அப்பால உன் மானம்தான் போவும்."

ஞாயிறு காலை கவரைப்பேட்டையில் நான் ரயில் ஏறினால், பெண்கள் பெட்டியில் எனக்கு இடம் பிடித்து நீ உட்கார்ந்திருந்தாய். ஸ்டுடியோவில் முதலில் கூட்டக் குரல். குழாயடிச் சண்டைக் காட்சிக்குப் பத்துப் பெண்கள் ஒரு மைக்கைச் சுற்றி நின்று கத்த வேண்டும். அது நமக்குக் கைவந்த கலை. அப்புறம்தான் வினை. ஒரு தெலுங்கு சீரியலைத் தமிழுக்குக் கொண்டுவருகிறார்கள், அதில் அண்ணி பாத்திரத்துக்கு மூன்று வரி பேசிக் காட்டு என்று என்னைத் தனியாக உள்ளே விட்டார்கள்.

ஹெட்போன் மாட்டினேன். திரையில் அண்ணி வாயைத் திறந்தாள், நானும் பேசினேன். "மேடம், மைக்ல ஒண்ணும் வரலையே," என்றார் இன்ஜினியர். மறுபடி பேசினேன். அவர் எழுந்து வந்து ஒயரை ஆட்டிப் பார்த்தார். மூன்றாம் தடவை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற நீ தலையில் அடித்துக்கொண்டாய். "சார், ஒயரு நல்லாத்தான் கீது. அவதான் பேசவே இல்ல. காத மூடிகினா எங்களுக்கு வாய் மட்டும்தான் சார் ஆடும்!" அந்த அறையே சிரித்தது. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் இன்ஜினியர் காட்சியைத் திருப்பி ஓடவிட்டு, என்னை இன்னொரு தடவை வாயசைக்கச் சொல்லிப் பார்த்து, "லிப் ஒரு இடத்துலகூட நழுவல," என்றார்.

அடுத்த டேக்கில் சத்தம் போட்டேன். பிரஸ் ஷாப்புக்குப் புதிதாக வந்தவளைப் போலக் கத்தினேன். டப்பிங் டைரக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லிப் இருக்கும்மா. குரல்ல ஆள் இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு வா," என்றார். திரும்பும் ரயிலில், நமக்கு இது ஒத்துவராது என்று அழுதேன். "லிப் கீதுன்னாரு இல்ல? அதுக்கே அவனவன் தண்ணி குடிக்கிறானாம். ஆளத் தேடிக்கலாம் வா," என்று முறுக்கை நீட்டினாய்.

இரண்டு மாதம் முடிவதற்குள் நீ படுத்துவிட்டாய். சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்ததும் உன் பேச்சு நின்றது. நீ என்ன கேட்கிறாய் என்று புரியாமல் உன் அம்மா ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேனாவைப் பிடிக்க உன்னால் முடியவில்லை. ஷிப்ட் முடிந்து நான் வந்தேன். என்னைப் பார்த்ததும் உன் உதடு அசைந்தது: துன்னியாமே?

அன்றிலிருந்து பத்து நாள் உனக்கு நான்தான் குரல். "யம்மே, தலகாணிய ஒசத்தி வை. நர்சு கைல சண்ட போடாத. அந்தப் பச்சப் பொடவய கட்டாத, உனுக்கு நல்லாவே இல்ல." உன் அம்மா அழுகையும் சிரிப்புமாக, "அவளே பேசற மாதிரி கீதுடி," என்றார். உன்னைப் போலப் பேச நான் முயலவே இல்லை. உன் முகத்தைப் பார்த்தேன், நீ மூச்சு விட்ட இடத்தில் விட்டேன், கிண்டலுக்கு முன்னால் நீ நிறுத்தும் இடத்தில் நிறுத்தினேன். குரலில் ஆள் என்று டைரக்டர் எதைச் சொன்னார் என்பது அந்தக் கட்டிலருகில்தான் எனக்குப் புரிந்தது.

டைரக்டர் சொன்ன நாளுக்கு முந்தின நாள் வந்தது. போக மாட்டேன் என்றேன். நான் போனால் அன்றைக்கு உனக்கு யார் பேசுவது? உன் உதட்டைப் பார்த்து உன் அம்மாவுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். "நாளைக்கு ஒரு நாளு நான் வாய மூடிகினு இருக்கேன். அவள போவச் சொல்லு." என்னைத் துரத்தும் வார்த்தையை என் வாயாலேயே சொல்ல வைத்தாய், பாவி.

போனேன். முதல் டேக்கில் வாயை மட்டும் அசைத்தேன். இன்ஜினியர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார். இரண்டாவதில் குரல் கொடுத்தேன். டைரக்டர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். "அண்ணி நீதான்," என்றார். ஓடிவந்து உன்னிடம் அந்த மூன்று வரியையும் பேசிக் காட்டினேன். "சவுண்டு கம்மி," என்றது உன் உதடு. நாலாம் நாள் நீ போய்விட்டாய். இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை.

அண்ணிக்குப் பிறகு ஒரு வக்கீல், ஒரு பேய், சிறுத்தைக்குட்டிகளைப் பற்றிய படத்தில் தாய்ச் சிறுத்தை. கம்பெனி வேலையை விட்டாகிவிட்டது, ரயிலை விடவில்லை. உன் அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சோறு ஆறிப்போய் மூடியே கிடக்கும். "தனியா துன்ன பிடிக்கல கண்ணு," என்பார். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை.

போன மாதம் அந்த அண்ணி சீரியலில் ஒரு காட்சி. அடுக்களையில் அண்ணி முதுகைக் காட்டி நிற்கிறாள், பின்னால் யாரோ வருகிறார்கள். வாய் தெரியாத இடத்தில் நாமாக எதையாவது பேசி நிரப்பலாம். "ஏதாவது போடும்மா," என்றார் டைரக்டர். "துன்னியாமே?" என்றேன். இன்ஜினியர் நிறுத்திவிட்டார். "அக்கா, அண்ணி பெரிய எடத்துப் பொண்ணு, இப்படியா பேசுவா?" டைரக்டர் அதைத் திரும்பப் போட்டுக் கேட்டார். "இருக்கட்டும். கேக்க நல்லா இருக்கு," என்றார்.

நேற்று சாயங்காலம் அது டிவியில் வந்தது. காலையில் போன் செய்தது உன் அம்மா.

"கண்ணு, நேத்து டிவில அவ பேசனா. துன்னியாமேன்னு கேட்டா. 'இதோ துன்றேன்டீ'ன்னு வாய் உட்டே சொல்ட்டேன். அப்பால சோத்தப் போட்டுகினு உக்காந்து, வயிறு நெறய துன்னேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். இயர் பிளக்கைப் பையில் பத்திரமாக வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டினேன். இன்ஜினியர் காத்திருந்தார். என் முதல் டேக் எப்போதும் சத்தமில்லாதது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அது யாருக்கு என்று மட்டும் தெரியாது. உதட்டை அசைத்தேன்.

துன்னேன்மே. நாலு இட்லி.