மே நாலாம் திகதி மெழுகுதிரிகள்

மே 2, 1989

மழை. சைக்கிள் சங்கிலி கழன்று வேலைக்குப் பிந்தினேன். தையல் ஃபேக்டரியில் ஒரே கதை: குடும்பத்தை இங்கே கூப்பிடும் விண்ணப்பங்கள், நிறுத்தி வைத்திருந்ததுகளைத் திரும்பப் பார்க்கிறார்களாம். கூட வேலை செய்யும் குணம் அண்ணை தோளில் தட்டினார்.

"இனி உனக்கும் வந்திடும். மனிசியும் பிள்ளையும் கோடைக்கு இஞ்சை நிப்பினம்."

அவருக்குத் தெரியாது. இங்கே ஒருவருக்கும் தெரியாது. மகள் பவி போன மாரியில் காய்ச்சலில் போய்விட்டாள். ஊரில் அப்போது ஊரடங்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடவில்லை. ஐந்து வயது. விண்ணப்பத்தில் இன்னும் இரண்டு பெயர்: சாந்தி, பவி. ஒன்றை எடுத்துவிடுங்கள் என்று போய்ச் சொல்ல வேண்டும். கால் போகமாட்டேன் என்கிறது.

மே 4

லீவு. காற்று. இக்காஸ்ட் டவுனில் வாங்கியது: அரிசி, வெங்காயம், சவர்க்காரம்.

பொழுதுபடத் திரும்பினால், ஊர் முழுக்க ஜன்னல்களில் மெழுகுதிரி. யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். எனக்கு அறை வாடகைக்குத் தந்த வயதான அம்மா எல்லனின் வீட்டில் மற்ற வீடுகளைவிட ஒரு திரி கூட. சாவு அங்கேதான் போலும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பேசாமல் இருந்தேன். கோப்பி ஊற்றித் தந்தார். செத்த வீட்டு முறைப்படி, போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழும்பி வந்துவிட்டேன்.

மே 5

எல்லன் வாசலில் மறித்தார். "நேற்று என்னோடை கோவமே? ஒண்டும் சொல்லாமல் போட்டீர்."

காரணம் சொன்னேன். சிரிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்திவிட்டார். 1945 மே 4, இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன்காரர் சரணடைந்த செய்தி ரேடியோவில் வந்த நாளாம். யுத்தத்துக்காக ஜன்னல்களை மூடியிருந்த கறுப்புத் திரைகளைக் கிழித்தெறிந்துவிட்டு ஊரே மெழுகுதிரி கொளுத்தியதாம். அன்றிலிருந்து வருடா வருடம். சந்தோஷத்துக்குத்தான்.

சேர்ச் மதிலடிக்குக் கூட்டிப் போனார். நினைவுக்கல்லில் மூன்று பெயர். ஒன்று அவருடைய தம்பி நில்ஸ். ஜெர்மன்காரரை எதிர்த்தவர்களுக்காக நேசநாட்டு விமானம் பற்றைவெளியில் போட்ட துவக்குகளை ஒளித்து வைத்தவன். ஜெர்மன்காரர் அவனைப் பிடித்துச் சுட்டது அதே வருசம் ஏப்ரல் கடைசியில்.

"ஊர் திரி கொளுத்தேக்கை எங்கடை அம்மா இருட்டுக்குள்ளை இருந்தவ. ஒருத்தரும் வரேல்லை. இவ்வளவு வருசத்திலை செத்த வீடெண்டு வந்தது நீர்தான்."

பவியைப் பற்றிச் சொன்னேன். முதன்முதலில் வாய்விட்டு, அதுவும் அரைகுறை டேனிஷில். கல்லடியில் நின்று அழுதேன். வெட்கமாக இல்லை.

மே 6

தலையிடி. சோறு குழைந்துவிட்டது. பின்னேரம் எல்லன் என் அறைக்கு வந்தார். சப்பாத்தை வாசலில் விட்டிருந்தார். கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் இருந்தார். போகும்போது ஒன்றும் சொல்லவில்லை.

மே 8

வெயில். எல்லன் வீட்டு டெலிபோனில் எனக்கு அழைப்பு. அகதிகள் அலுவலகப் பெண். அனுமதி கிடைத்துவிட்டதாம், இரண்டு பேருக்கும். வாழ்த்தினாள். நான் வாய் திறக்க முன்னமே அடுத்தது.

"மகளுக்கு உடுப்பு எடுத்து வைக்கவேணும். பிள்ளை என்ன உயரம்?"

விட்டுவந்தபோது என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. பிறகு பார்த்தது ஒரே ஒரு படம். அதிலும் கதிரையில் ஏறி நிற்கிறாள்.

பிள்ளை இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"எனக்குத் தெரியாது."