கல்யாணத்துக்கு முன்னால்

குஷாய்குடா, ஹைதராபாத்
8.7.1979

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு லோயிஸ் எழுதுவது. அத்தானுக்குக் கால்வலி தேவலையா?

கிதியோன் வீட்டில் செப்டம்பரிலேயே கல்யாணம் என்கிறார்கள். முப்பத்திரண்டு வயதில் அமைந்த வரன், சரி என்றுவிட்டேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஈஸ்டரிலிருந்து வயிறு சரியில்லை. சில நாள் போகவே போகாது, சில நாள் ஓயாமல் போகும். ரத்தமும் படுகிறது. பேக்டரியில் லைனை விட்டு எழுந்தாலே சூப்பர்வைசர், "மறுபடியும் எதுக்கும்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறார். மூலமாகத்தான் இருக்கும். கல்யாணம் முடிந்ததும் டாக்டரிடம் காட்டிக்கொள்கிறேன்.

உன் தங்கை
லோயிஸ்

பாளையங்கோட்டை
14.7.1979

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து கை கால் ஓடவில்லை. அப்பாவும் மூலம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் பார்த்தால் குடலில் கட்டி. உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அவர் துணிகளை அலசியவள் நான்.

இரண்டு நாள் வயிற்றுக் கோளாறு என்றால் நானே கஷாயம் போட்டுக் குடி என்பேன். மாதக்கணக்கில் இப்படி மாறி மாறிப் போவதும், ரத்தமும் அப்படியல்ல. சாதாரணமாகவும் இருக்கலாம். அதை டாக்டர் சொல்லட்டும், நீ சொல்லாதே.

இந்த வரனுக்காக எத்தனை பேரிடம் கெஞ்சினேன்! நானே சொல்கிறேன், கல்யாணம் காத்திருக்கட்டும்.

ஜெயசுந்தரி

குஷாய்குடா
27.7.1979

அக்கா,

ஆண் டாக்டர் முன்னால் எப்படிப் படுப்பேன்? கிதியோன் வீட்டுக்குத் தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். உனக்கு அத்தான் இருக்கிறார், சுலபமாகச் சொல்லிவிட்டாய். இனி இதைப் பற்றி எழுதாதே.

லோயிஸ்

பாளையங்கோட்டை
2.8.1979

லோயிஸ்,

எழுதவில்லை. சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன். உன் விடுதியில் படுக்க ஒரு பாய் போதும். லேடி டாக்டராகப் பார்ப்போம். உள்ளேயும் உன்கூட நான் வருவேன்.

அக்கா

செகந்திராபாத்
19.9.1979

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஊருக்குத் திரும்பிய மறுநாள் தையல் பிரித்தார்கள். வெட்டியெடுத்ததைப் பரிசோதித்த ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. கான்சர்தான். குடலைத் தாண்டிப் பரவவில்லையாம். "இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேனோ" என்றார் டாக்டரம்மா. இனி வருஷக்கணக்கில் வந்து காட்ட வேண்டும்.

நேற்று கிதியோன் வந்தார். "அம்மா ஒத்துக்க மாட்டேங்கிறாங்க, லோயிஸ்" என்றார். பிறகு எழுந்து போகவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். நான்தான், "பஸ் போயிடும், கிளம்புங்க" என்றேன்.

அழுதேன், அக்கா. பக்கத்துக் கட்டில்காரி எழுந்து வந்து தலையைத் தடவும் அளவுக்கு அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. ஆயா ரசம் சாதம் கொண்டுவந்தாள். தட்டில் ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை.

உன்
லோயிஸ்