கிளி மேல் போட்ட பழி

மதினி,

இன்று காலையும் கூண்டின் தகரத் தட்டை உருவி, கிளியின் எச்சத்தைச் சுரண்டினேன். அழுகிய கொய்யாவும் எச்சமும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறியது. இது எனக்கு ஒருநாளும் பழகப்போவதில்லை. நீங்கள் இருந்தபோது இந்த நாற்றத்துக்காகவே முற்றத்தின் அந்தப் பக்கம் வராமல் இருந்தவன் நான். இப்போது உங்கள் கிளி என் வீட்டில் இருக்கிறது. என்னைக் கண்டால் கொத்துகிறது. கொத்தட்டும்.

இந்த நாற்றத்தோடு அந்த மாட்டாஸ்பத்திரியும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

மாசி மாதத்திலிருந்து உங்களுக்கு விடாத இருமல். சாயங்காலமானால் காய்ச்சல். சீமையில் கிளிகளால் மனிதருக்கு நோய் வருகிறதென்று பத்திரிகையில் எழுதியிருந்ததை அண்ணன் கூடத்தில் நின்று உரக்க வாசித்தார். "இந்தச் சனியனைக் கொன்னாத்தான் இவ பிழைப்பா" என்றார். கிளியும் அப்போது தீனி எடுக்காமல், இறகை உப்பிக்கொண்டு, தண்ணீராய்க் கழிந்துகொண்டிருந்தது. அது அவருக்கு வசதியாய்ப் போயிற்று.

"மாட்டாஸ்பத்திரியில சோதிச்சுப் பாக்கட்டும். நோவு இருக்குன்னு சொன்னா நானே விட்டுர்றேன்" என்றீர்கள். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் ஆறு வருஷமாய் உங்களோடு பேசியது அது ஒன்றுதான். அண்ணன் உடனே சம்மதித்தார். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததை நான் யோசித்திருக்க வேண்டும்.

மாட்டாஸ்பத்திரியில் புண் அழுகிய காளைகள் நின்றன. ஈயும் ஃபினாயிலும். கிளியின் எச்சத்தைப் பூவரச இலையில் மடித்து என்னிடம் கொடுத்திருந்தீர்கள். அதைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்திருந்தேன். டாக்டர் நாற்காலியை விட்டு எழக்கூட இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தே மேஜைமேல் வைத்த கூண்டின் கம்பிக்குள் பென்சிலால் குத்திப் பார்த்தார்.

"கிளிக்கெல்லாம் என்னம்மா சோதனை? பாத்தாலே தெரியுது, ஆளுக்கு ஒட்டுற வியாதி. எழுதித் தாரேன். கொன்னு ஆழமாப் புதைச்சிருங்க."

"எச்சம் கொண்டாந்திருக்கோம், அதைப் பாத்துட்டு..." என்றீர்கள்.

"அதைத் தூரப் போடுங்க மொதல்ல."

எழுதிய சீட்டை நீட்டினார். வாங்கக் குனிந்த நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள். மேஜைக்கு அடியில் ஒரு கூடை மாம்பழம் இருந்தது. விளிம்பு பிய்ந்த இடத்தில் பழைய சேலைக் கரையை வைத்துத் தைத்திருந்தது. வாசலுக்கு வந்த பிறகு, "நம்ம வீட்டுக் கூடை" என்று மட்டும் சொன்னீர்கள். ஒரு பறவையைக் கொல்ல முதல் நாளே பழம் கொடுத்தனுப்பிய மனிதனுக்கு நான் தம்பி.

நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்தேன். வண்டிக்காரரிடம், "பெரியாஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே" என்றீர்கள்.

அங்கே மைக்ராஸ்கோப் பார்க்கும் வேலையில் நீங்கள் பிறந்த ஊரான கொட்டாம்பட்டிக்காரர் ஒருவர் இருந்தார். மனிதர்களுக்கு மட்டும்தான் என்று முதலில் தயங்கினார். அப்புறம் என் கையிலிருந்த இலையை முகம் சுளிக்காமல் வாங்கி, ஒரு குச்சியால் எடுத்துக் கண்ணாடியில் தடவி, வெகுநேரம் பார்த்தார்.

"புழு முட்டையாக் கெடக்கு. கிளிக்கு வயித்துல புழு, அம்புட்டுத்தான்க்கா. பொடி தாரேன், ஊறவச்ச கடலையில கலந்து குடு."

நீங்கள் சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. அவர் உங்களையே பார்த்தார். ஒரு குப்பியைக் கொடுத்து, "உன் சளியையும் குடுத்துட்டுப் போக்கா" என்றார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனோம். அவர் தலை நிமிராமல் பேசினார். "இது காசம். கிளி குடுத்தது இல்லக்கா, மனுசன் குடுத்தது. வீட்டுல ஆருக்கு ரொம்ப நாளா இருமல்?"

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

எனக்குத் தெரியும், மதினி. அதற்கு இரண்டு வருஷம் முன்பிருந்தே தெரியும். நான் வேலை பார்த்த அண்ணன் கடைக்குப் பின்னால் அவர் இருமிச் சிவப்பாய்த் துப்பிச் சாம்பலைப் போட்டு மூடுவதைப் பார்த்திருக்கிறேன். வெளியே சொன்னால் கடைப் பக்கம் வரவே கூடாது என்று சொல்லியிருந்தார். எனக்கு வேறு பிழைப்பில்லை.

"தம்பி, உங்கண்ணன் கடையில இருமுறாகளா?"

"தெரியல மதினி" என்றேன்.

இரண்டாம் முறை நீங்கள் கேட்கவில்லை. வண்டியில், "வெரசா விடுங்க, கிளிக்கு மருந்து குடுக்கணும்" என்று மட்டும் சொன்னீர்கள். எட்டே நாளில் கிளி தேறிக் கத்த ஆரம்பித்தது. நீங்கள் அடுத்த மாசியைப் பார்க்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிளி வளக்காதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். காரியம் முடிந்த மறுநாள் கிளியின் கழுத்தைத் திருகச் சொன்னார். கூண்டோடு வீட்டைவிட்டு வந்துவிட்டேன். அதைத் தைரியம் என்று சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை.

அதெல்லாம் நடந்து நான்கு வருஷம். போன தையில் பேரையூரிலிருந்து உழுது பிழைக்கும் ஒரு சம்சாரி என்னைத் தேடி வந்தார். அண்ணனுக்குத் தன் பெண்ணைப் பேசியிருக்கிறார்களாம். பத்தொன்பது வயதுப் பெண். புழுதிக் காலோடு வாசலில் நின்றே கேட்டார்.

"தம்பி, உங்கண்ணனுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லயே?"

"காசம் இருக்கு. எங்க மதினி அதுலதான் செத்தாக" என்றேன்.

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கல்யாணம் நின்றுவிட்டது. அண்ணன் தெருவில் நின்று, "கூடப் பொறந்தவன் செய்யிற காரியமா இது" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. சொல்வது சிரமமாகவே இல்லை, மதினி. வார்த்தை தானாக வந்தது. அது இவ்வளவு எளிது என்று தெரிந்துகொண்டதைத்தான் இப்போது தாங்க முடியவில்லை.