ஆறாம் குழாயில் இருந்த படிகம்

பிப்ரவரி 11, 2002 – திங்கள்

காலையில் புல்லெல்லாம் உறைபனி. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பதினொரு டிகிரி. எனக்குத்தான் மூக்கு ஒழுகுகிறது, படிகங்களுக்கு இந்தக் குளிர் சுகம். தட்டில் சிவப்பு ஊசிகளாக வளர்ந்திருக்கின்றன.

ஆறிப்போன டீ கலங்குமே, அதற்குக் காரணமான பொருள் இது. தேயிலைச் சாயமும் காஃபீனும் கைகோத்த சேர்மம். எந்த அணு எந்த அணுவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? எட்டு வருடமாக இதே கேள்வி. போன வருடம் சென்னைக்குக் கொண்டுபோனேன். மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் பாதி வெளுத்துப் பொடியாகிவிட்டது. மீதி, அங்கிருந்த எக்ஸ்ரே கருவிக்குப் போதாத மெலிசு.

ஆய்வேட்டைக் கொடுக்கப் பல்கலைக்கழகம் ஜூன் 30 வரைதான் தவணை கொடுத்திருக்கிறது. அதற்குமேல் கேட்டால் சிரிப்பார்கள்.

பிப்ரவரி 14

தரணிதரன் போன் செய்தான். கூடப் படித்தவன், இப்போது பெங்களூரில் ஆராய்ச்சி. இத்தாலியில் உள்ள சிங்க்ரோட்ரானில் அவனுக்கு மார்ச் 20 அன்று ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்களாம். அங்கே பெரிய வளையத்துக்குள் எலக்ட்ரான்களை ஒளிக்குச் சற்றே குறைந்த வேகத்தில் ஓடவிடுகிறார்கள். வளையும்போது அவை உமிழும் எக்ஸ்ரே நம் கருவிகளைவிடப் பல லட்சம் மடங்கு பிரகாசம். தூசி அளவு படிகம் போதும். கதிர் அதில் பட்டுப் புள்ளிகளாகச் சிதறும். புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டால் அணுக்கள் இருக்கும் இடம் தெரியும்.

"ஆறு குழாய்தான் கோகிலா. அதுக்கு மேல கேக்காத" என்றான்.

ஆறு போதும்.

பிப்ரவரி 26

கை நடுங்குகிறது. நாற்பத்தாறு வயதில் இது என்ன கூத்து? முடி கனமுள்ள ஊசியை எடுத்து, அதே கரைசல் ஒரு சொட்டோடு கண்ணாடி நுண்குழாயில் விட்டு, மெழுகால் அடைக்க வேண்டும். காற்றுப் பட்டால் பொடியாகும். காலையிலிருந்து ஒன்றுகூட உருப்படியாகப் போகவில்லை.

கலங்கள் கழுவ வரும் சின்னம்மை பார்த்துக்கொண்டே நின்றாள். "நான் ஒருக்கா எடுக்கவா டீச்சரம்மா?" சிலோனிலிருந்து சின்ன வயதில் வந்தவள், எமரால்டு பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கிறாள். தேயிலை விலை விழுந்துபோனதில் தோட்டத்தில் வாரம் மூன்று நாள்தான் வேலை. அதனால்தான் இங்கே தற்காலிகமாக வருகிறாள்.

எரிச்சலில் இடுக்கியை நீட்டினேன். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள், எடுத்தாள், விட்டாள். அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம் கொழுந்து கிள்ளிய கை.

மார்ச் 5

ஆறு குழாயும் தயார். எல்லாவற்றிலும் பெரிய, பளபளப்பான ஊசிகள் – ஒவ்வொன்றையும் நானே காட்டினேன். ஆறாவதை எடுக்கும்போது முதல்வர் கூப்பிட்டுவிட்டார். திரும்பி வந்தபோது மெழுகு வைத்து முடித்திருந்தாள்.

மார்ச் 12

கோயம்புத்தூரில் தரணியிடம் கொடுத்தாயிற்று. பெட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

மார்ச் 13

சின்னம்மையிடம், "ஆறும் பத்திரமாகப் போயிருச்சு, உன் புண்ணியம்" என்றேன். அவள் முகம் செத்துவிட்டது.

"ஏசாதீங்க டீச்சரம்மா. ஆறாவது ஊசி ஒடைஞ்சி போச்சி. அடியில கடுகாட்டம் சின்னதா ஒண்ணு கெடந்திச்சி. அதத்தான் போட்டு அடைச்சேன்."

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா வேல போயிருமேன்னு…"

"இப்ப மட்டும் போகாதாக்கும்?"

இதை நான்தான் சொன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். உலகத்திலேயே ஆறு இடம், அதில் ஒன்றில் குப்பையை அடைத்து அனுப்பியிருக்கிறாள்! எட்டு வருடம்டீ, எட்டு வருடம்!

அவள் கலங்களைக் கழுவி முடித்து, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 14

முதல்வரிடம் எழுதிக் கொடுத்தேன். நாளை முதல் அவள் வர வேண்டியதில்லை.

மார்ச் 21

சேரிங் கிராஸில் பிரவுசிங் சென்டர். தரணியின் மெயில்: ஒன்றிலிருந்து ஐந்து வரை அத்தனையும் வெறும் காஃபீன். தண்ணீர் சேர்ந்த காஃபீன், மேலே சாயம் ஏறியிருக்கிறது.

தண்ணீர் சேர்ந்த காஃபீன் காய்ந்தால் வெளுத்துப் பொடியாகும். அது எனக்குத் தெரியும். போன வருடம் மேட்டுப்பாளையத்தில் அதுதான் நடந்தது. கண்ணெதிரே நடந்ததைப் பார்த்துவிட்டு வெயிலைத் திட்டிக்கொண்டு வந்தேன். புத்தி எங்கே போயிற்று?

ஆறாவதைக் கடைசி மூன்று மணி நேரத்தில் பார்த்தானாம், கணக்கு ஓடுகிறதாம். அதில் என்ன இருக்கப்போகிறது.

மார்ச் 22

ஆறாவதுதான்.

சாயமும் காஃபீனும் தட்டுத் தட்டாக, ஒன்று மாற்றி ஒன்று அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு அணுவும் தெரிகிறது. நான் தேடியது பெரிய ஊசிகளுக்கு அடியில் கடுகாகக் கிடந்திருக்கிறது. நான் அதை ஒருமுறைகூட மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைக்கவில்லை.

தரணி வாழ்த்து எழுதியிருக்கிறான். அச்செடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். டீக்கடையில் வர்க்கி வாங்கினேன், சாப்பிட முடியவில்லை.

ஏப்ரல் 7 – ஞாயிறு

இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். வெட்கம், வேறென்ன. இன்று பஸ் ஏறி எமரால்டு போனேன். தோட்டத்தில் வெட்டாத தேயிலை இடுப்புக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. லயத்தில் சின்னம்மையின் கதவில் பூட்டு.

பக்கத்து வீட்டுப் பேச்சி சொன்னாள்: "குடும்பத்தோட திருப்பூருக்குப் போயிட்டாங்க. பனியன் கம்பெனியில நூல் வெட்டுறாளாம். காலேஜு வேல இருந்திருந்தா போயிருக்க மாட்டா. விலாசமா? போய்ச் சொல்லி விடுறேன்னா, ஒண்ணும் வரல."

நான் யார் என்று பேச்சி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 24 – திங்கள்

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. தவணைக்கு ஆறு நாள் முன்னால். நன்றியுரையில் சின்னம்மையின் பெயர் இருக்கிறது. அது அவள் கண்ணில் படப்போவதில்லை.

இதே சேர்மத்தின் இன்னொரு படிகத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று தரணி மறுபடி நேரம் வாங்கியிருக்கிறான். இன்று நானே உட்கார்ந்தேன். சின்னதாகப் பார்த்துத்தான் எடுத்தேன். முதலாவது இடுக்கியில் நொறுங்கியது. இரண்டாவது தரையில் விழுந்து காணாமல் போயிற்று. மதியத்துக்குள் நாலு போய்விட்டது.

ஒருவரும் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை.